எட்டுக் கெஜத் துணியும் ஓர் ஊசியும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஸ்காட்லாந்து மக்களின் கில்ட். அதை வீட்டில் உட்கார்ந்து, கையால், ஆசைக்காகத் தைக்கக் கற்றுக்கொள்வது எப்படி என்பதுதான் பொருள். பல வருடங்களாக இந்தக் கலையில் மனதைக் கொடுத்தவன் நான். ஆகவே கொஞ்சம் ஆர்வம் மிகுதியாகவே பேசுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கில்ட்டை நீங்கள் எல்லோரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். பேக்பைப் எனும் பைக்குழலை வாசித்தபடி அணிவகுத்து வரும் வீரர்கள், முழங்கால் வரை கட்டம் போட்ட ஆடை, நடக்கும்போது பின்பக்கம் அலை அலையாக அசையும் மடிப்புகள். பார்த்திருக்கிறீர்கள். ஆனால் ஒரு கேள்வி கேட்கிறேன். அந்த ஆடைக்கு எத்தனை கெஜம் துணி போகும்?

ஒரு ஆளின் இடுப்பைச் சுற்றி வர ஒரு கெஜத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் போதும். முன்பக்கம் இரட்டையாக வருவதால் இரண்டு கெஜம் என்று வைத்துக்கொள்வோம். முழு அளவில் தைக்கும் கில்ட்டுக்குப் போவதோ எட்டுக் கெஜம்! மீதி ஆறு கெஜம் எங்கே போயிற்று? வெட்டி எறிந்தார்களா? இல்லை. ஏறக்குறைய அத்தனையும் ஆடைக்குள்ளேயே இருக்கிறது. மடிப்புக்குள் மடிப்பாக ஒளிந்து இருக்கிறது. அந்த ஆறு கெஜத்தை ஒளித்துவைக்கும் வித்தையைத்தான் கில்ட் தைப்பது என்கிறோம்.

முதலில் இந்த ஆடை வந்த வழியைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் மலைநாட்டு ஆண்கள் அணிந்தது தையலே இல்லாத ஒரு நீளக் கம்பளித் துணி. தரையில் விரித்து, நடுப்பகுதியைக் கையால் மடித்து மடித்து ஒழுங்குசெய்து, அதன்மேல் படுத்து, இருபக்கமும் இழுத்து மூடி, இடுப்பில் வாரைக் கட்டி எழுந்து நிற்பார்கள். மேல்பாதியைத் தோளில் போட்டுக்கொள்வார்கள். மழைக்கு அதுவே முக்காடு, இரவுக்கு அதுவே போர்வை. நம் வீட்டுப் பெண்கள் தினமும் காலையில் கொசுவம் வைத்துப் புடவை கட்டுகிறார்களே, அதே வேலைதான். தைக்காத துணி, கையால் வைத்த மடிப்பு, இடுப்பில் ஒரு பிடிமானம்.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேல்பாதி கழன்றது. இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்குமான சிறிய கில்ட் தனி ஆடையாயிற்று. அதை உருவாக்கியவர் தாமஸ் ராலின்சன் என்ற ஆங்கிலேய இரும்பு ஆலைக்காரர் என்று ஒரு கூற்று உண்டு. ஸ்காட்லாந்தில் பலர் அதை மறுப்பார்கள். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அடுத்து நடந்ததுதான் என் மனதை வருத்துவது.

1746 ஏப்ரலில் கலோடன் போர்க்களத்தில், அரசுக்கு எதிராக எழுந்த மலைநாட்டாரின் கிளர்ச்சி நசுக்கப்பட்டது. அதே ஆண்டு பிரிட்டிஷ் அரசு ஒரு சட்டம் போட்டது. மலைநாட்டு ஆடையை ஆணோ சிறுவனோ அணியக் கூடாது. மீறினால் முதல் முறை ஆறு மாதச் சிறை. இரண்டாம் முறை ஏழு ஆண்டு நாடுகடத்தல். எண்ணிப்பாருங்கள், இடுப்பில் கட்டிய துணிக்காக ஏழு ஆண்டு நாடுகடத்தல்! ஒரு மக்களை அடக்க வேண்டுமென்றால் அவர்களுடைய ஆயுதத்தோடு ஆடையையும் பறிக்க வேண்டும் என்று அந்த அரசு நினைத்தது.

ஒரு விதிவிலக்கு இருந்தது. அரசனின் படையில் சேர்ந்தால் அணியலாம். அப்படித் திரட்டப்பட்ட மலைநாட்டுப் படைகளில் ஒன்று நம் மண்ணுக்கும் வந்தது. 1780 செப்டம்பரில், காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைச் சுற்றி வளைத்து முறியடித்தார்கள். அன்று கம்பெனி அணியில் நின்றவர்களில் 73ஆம் மலைநாட்டுப் படைப்பிரிவின் வீரர்களும் உண்டு. அவர்கள் இங்கே வந்து போரிட்ட அந்த ஆண்டிலும், அவர்கள் ஊரில் தகப்பனும் தம்பியும் கில்ட் அணிந்தால் சட்டப்படி சிறைதான். 1782இல்தான் அந்தச் சட்டம் நீங்கியது.

தடை நீங்கிய அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில்தான் மடிப்புகளைத் தைத்து நிறுத்தும் வழக்கம் வேர்விடுகிறது. அதுவரை தினம் கையால் வைத்துக் குலைந்துபோன மடிப்பு இப்போது தையலில் நின்றது. தொடக்கத்தில் நாலு கெஜத் துணியில், இருபக்கமும் சமமாக மடியும் பெட்டி மடிப்பு. பிறகு, 19ஆம் நூற்றாண்டில், ஒரே பக்கமாகச் சாயும் கத்தி மடிப்பு வந்தது. துணியும் கூடிக்கொண்டே போய் எட்டுக் கெஜத்தைத் தொட்டது. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, எழுத்தாளர் வால்டர் ஸ்காட் முன்னின்று நடத்திய வரவேற்பில் நகரமே டார்டன் எனும் கட்டம் போட்ட துணியில் திளைத்தது. மன்னரும் கில்ட் அணிந்தார். எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் சிறைக்கு அனுப்பிய ஆடை அரசவை ஆடை ஆயிற்று. இன்ன குலத்துக்கு இன்ன கட்டம் என்று நாம் இன்று கேள்விப்படும் ஒழுங்கில் பெரும்பகுதி அந்த நூற்றாண்டில் உருவானதே.

வரலாறு போதும். இனி மேசைக்கு வருவோம்.

துணி வாங்குகிறோம். டார்டன் என்பது ட்வில் நெசவு. பாவிலும் ஊடையிலும் பெரும்பாலும் ஒரே நிற வரிசை ஓடும். அந்த வரிசை ஒரு முறை முழுதாக வந்து மீண்டும் தொடங்கும் தூரத்துக்குக் கில்ட்காரர்கள் செட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஐந்து அங்குலமும் இருக்கலாம், எட்டு அங்குலமும் இருக்கலாம். இந்தச் சொல்லை மறந்துவிடாதீர்கள். கில்ட் தைப்பதன் உயிர் இந்தச் செட்டில்தான் இருக்கிறது.

துணி கம்பளியாக இருக்க வேண்டும். ஏன்? கம்பளி இஸ்திரிப் பெட்டியின் சூட்டுக்கும் ஈரத்துக்கும் பணிந்து மடிப்பை வாங்கிக்கொள்ளும். வாங்கிய மடிப்பை விடாது. பருத்தியோ, நாம் உட்கார்ந்து எழுந்தால் சோர்ந்துவிடும். எடையை அவுன்ஸில் சொல்வார்கள். நடனம் ஆடுபவர்களுக்குப் பத்து, பதினொன்று அவுன்ஸ். வழக்கமான ஆடைக்குப் பதின்மூன்று. கனமான கில்ட்டுக்குப் பதினாறு. இரட்டை அகலத்தில் ஒரு கெஜத்தின் எடை அது. பதினாறு அவுன்ஸ் துணியில் நாலு கெஜம் எடுத்தால் துணி மட்டுமே ஒன்றே முக்கால் கிலோவுக்கு மேல். அந்தக் கனம்தான் மடிப்பைக் கீழே இழுத்து நேராகத் தொங்கவைக்கிறது.

நாலு கெஜமா, எட்டா என்று கேட்பீர்கள். இரட்டை அகலத் துணி நாலு கெஜம் வாங்கி, நீளவாக்கில் நடுவில் இரண்டாகப் பிரித்தால் எட்டுக் கெஜம் கிடைக்கும். இரண்டு துண்டையும் இணைக்கும் தையல் ஒரு மடிப்புக்குள் போய் மறைந்துவிடும். இங்கே தையல் படித்தவர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கில்ட்டின் கீழ் விளிம்பு எது தெரியுமா? தறியிலிருந்து வந்த துணியின் கரையே கீழ் விளிம்பு. மடித்து எம்மிங் செய்வதில்லை. எம்மிங் செய்தால் ஓரம் தடிக்கும், மடிப்பு அசையாது. நெசவாளி முடித்த இடத்தில் தையல்காரர் கை வைக்காமல் விடுகிறார். எனக்கு அந்த மரியாதை மிகவும் பிடிக்கும்.

அளவு எடுப்பது எளிது. இடுப்பு, அதற்குக் கீழே அகலமான புட்டப் பகுதி, நீளம், மூன்றே அளவு. கில்ட் நாம் பேன்ட் போடும் இடத்தில் நிற்காது. உண்மையான இடுப்பில், அதற்கும் இரண்டு அங்குலம் மேலே ஏறி நிற்கும். கீழே முழங்காலின் நடுவோடு முடியும். முன்பக்கம் மடிப்பில்லாத இரண்டு தட்டைப் பகுதிகள், மேல் ஏப்ரன், கீழ் ஏப்ரன். ஒன்றன்மேல் ஒன்றாக வரும். உடம்பின் சுற்றளவில் ஏறக்குறையப் பாதி ஏப்ரனுக்கு, பாதி பின்பக்க மடிப்புகளுக்கு.

இப்போது கணக்குக்கு வருகிறோம். கணக்கென்றதும் முகம் சுளிக்காதீர்கள், இந்தக் கலையின் அழகே இதில்தான் இருக்கிறது.

ஒருவருக்குப் புட்டம் 42 அங்குலம், இடுப்பு 36 அங்குலம். இருபத்துநாலு மடிப்பு வைக்கப்போகிறோம். புட்டத்தில் பாதி 21 அங்குலம். அதை 24ஆல் வகுத்தால், ஒவ்வொரு மடிப்பும் வெளியே தெரிய வேண்டியது முக்காலே அரைக்கால் அங்குலம், அதாவது எட்டில் ஏழு பங்கு. இடுப்பில் பாதி 18 அங்குலம். அதை 24ஆல் வகுத்தால் முக்கால் அங்குலம். ஆக ஒவ்வொரு மடிப்பும் கீழிருந்து மேலே போகப்போக அரைக்கால் அங்குலம் மட்டும் ஒடுங்க வேண்டும். உடம்பின் வளைவு முழுவதும் அந்த அரைக்கால் அங்குலத்தில் அடங்கியிருக்கிறது! கத்தரி வைத்து வளைத்து வெட்டவில்லை, டார்ட் பிடிக்கவில்லை. மடிப்பு ஒடுங்குகிறது, ஆடை உடம்பில் பொருந்துகிறது.

சரி, கை கொஞ்சம் பிசகினால்? ஒவ்வொரு மடிப்பிலும் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடிவிட்டது என்று வையுங்கள். பென்சில் கோட்டின் தடிமனுக்கு இரண்டு மடங்கு, அவ்வளவுதான். இருபத்துநாலு மடிப்பில் அது ஒன்றரை அங்குலம். பக்கிள் மாட்ட முடியாது. அதனால்தான் கில்ட் தைப்பவர்கள் ஒவ்வொரு மடிப்பையும் தைத்தவுடன் அளக்கிறார்கள். ஐந்தாறு மடிப்பு ஆனதும் சேர்த்து அளக்கிறார்கள். அளந்து, தைத்து, மறுபடி அளக்கிறார்கள்.

இத்தோடு முடியவில்லை. கட்டம் என்ன ஆகும்? துணியை மடித்தால் கட்டம் சிதறிப்போகும் அல்லவா? பின்பக்கம் பார்த்தால் தாறுமாறான கோடுகள் அல்லவா தெரிய வேண்டும்? இங்கேதான் செட் வருகிறது. ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் சரியாக ஒரு முழுச் செட்டை ஒளித்துவிட்டால், ஒரு மடிப்பு முடிந்த நிறத்திலேயே அடுத்த மடிப்பு தொடங்கும். அதன் அடுத்தது அதற்கு அடுத்த நிறத்தில். இப்படி இருபத்துநாலு மடிப்பும் வரிசையாக உட்கார்ந்ததும், பின்பக்கத்தில் டார்டன் கட்டம் மீண்டும் முழுதாக எழுந்து நிற்கும். இத்தனை கெஜத் துணியை மடித்து முடித்தபிறகு, மடிக்காத துணி போலவே அந்தக் கட்டம் தெரியும். முதல்முறை ஒரு கில்ட்டின் பின்பக்கத்தை விரலால் விரித்துப் பார்த்தபோது நான் வாயடைத்துப் போனேன். இன்றும் அந்த வியப்பு எனக்குத் தீரவில்லை.

படைவீரர்களுக்கு வேறு முறை உண்டு. எல்லா மடிப்பிலும் ஒரே கோடு நடுவில் வரும்படி வைப்பார்கள். கார்டன் மலைநாட்டுப் படையின் கில்ட்டில் ஒவ்வொரு மடிப்பிலும் மஞ்சள் கோடு நின்றது. நின்றால் ஒரு தோற்றம், நடந்தால் உள்ளிருக்கும் நிறம் பளிச்சிடும் இன்னொரு தோற்றம். எந்த முறை அழகு என்று கேட்டால் நான் முதல் முறையின் பக்கம். அதில் துணி தன் முகத்தை இழப்பதில்லை.

இனி தையல். இடுப்பிலிருந்து புட்டத்தின் அகலமான இடம்வரை, ஏழெட்டு அங்குலத்துக்கு மட்டுமே மடிப்புகள் தைக்கப்படும். அதற்குக் கீழே எல்லாம் சுதந்திரம். மடிப்பின் விளிம்பைப் பிடித்துக் கண்ணுக்குத் தெரியாத நுண்தையலாகக் கையால் போட வேண்டும். குறுக்குக் கோடுகள் மடிப்புக்கு மடிப்பு ஒரு நூல் அளவு கூட ஏறி இறங்கக் கூடாது. விளிம்பில் வரும் நிறத்துக்கு ஏற்ற நூல் எடுக்க வேண்டும். எட்டு அங்குலம், இருபத்துநாலு மடிப்பு, அங்குலத்துக்குப் பத்துத் தையல் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய ஆயிரத்துத் தொள்ளாயிரம் தையல். அதுவும் மடிப்புகளுக்கு மட்டும்!

மெஷினில் அடித்தால் என்ன என்று இளைஞர்கள் கேட்கலாம். அடிக்கலாம், அடித்து விற்கவும் செய்கிறார்கள். ஆனால் மெஷின் தையல் கோடாகத் தெரியும். குறுக்குக் கோடு நழுவுவதை மெஷின் உணராது. உங்கள் விரல் உணரும்.

மேலே தெரியும் அழகைத் தாங்குவது உள்ளே இருக்கும் வேலை. மடிப்புகளின் கனம் முழுவதும் அந்த நுண்தையலில் தொங்கினால் நாளடைவில் நூல் அறுந்துவிடும். அதனால் உள்பக்கத்தில், மடிப்புகளுக்குக் குறுக்காக, ஒன்றையொன்று பிணைக்கும் தையல் வரிசை போடுகிறார்கள். அதன்பின் இடுப்புப் பக்கம் சேர்ந்திருக்கும் தடிமனைக் குறைக்க உள்மடிப்பின் மேல்பகுதியை வெட்டி எடுக்கிறார்கள். கில்ட்டில் கத்தரி துணிந்து உள்ளே நுழையும் இடம் இதுதான். ஊசி தன் வேலையை முடித்த பிறகுதான் அதற்கு அனுமதி. பிறகு கேன்வாஸ், தோல் வார், பக்கிள், இடுப்புப் பட்டி, பருத்தி லைனிங். இதெல்லாம் நீங்கள் அறிந்த வேலை, விரிக்கவில்லை. கடைசியாக, மடிப்புகளைக் கீழ்வரை ஓட்டுத் தையலால் பிடித்துவைத்து, ஈரத் துணி போட்டு நன்றாக அழுத்தி இஸ்திரி. ஆறியபின் ஓட்டுத் தையலைப் பிரிக்க வேண்டும். பழகிய கைக்கே முழு வேலைக்கும் இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகும். புதிதாகக் கற்பவருக்கு மாலை நேரங்களாகச் சில மாதங்கள்.

நண்பர்களே, இவ்வளவு நுணுக்கமான வேலையை வீட்டில் கற்க முடியுமா? முடியும் என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஏன் தெரியுமா? கில்ட் பெரும்பாலும் வீட்டில்தான் தைக்கப்பட்டது! கடையின் பெயர் எடின்பரோவிலோ கிளாஸ்கோவிலோ பலகையில் இருக்கும். துணியோ ஒரு பொட்டலமாக எங்கோ ஒரு வீட்டுக்குப் போகும். அங்கே ஒரு பெண் சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து தைத்துக் கொடுப்பார். இன்றும் பல கில்ட்டுகள் அப்படித்தான் உருவாகின்றன. இதற்குத் தொழிற்சாலை வேண்டாம், பெரிய இயந்திரம் வேண்டாம். ஊசி, நூல், சாக்பீஸ், இஞ்ச் டேப், இஸ்திரிப் பெட்டி, நல்ல வெளிச்சம். இவற்றில் எது உங்கள் வீட்டில் இல்லை?

இல்லாதிருந்தது ஒன்றுதான், சொல்லிக்கொடுக்கும் ஆள். தைக்கத் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் விரலைப் பார்த்து, மாதக்கணக்கில் கற்க வேண்டியிருந்தது. ஸ்காட்லாந்தின் கீத் என்ற சிற்றூரில் இதற்கென்றே ஒரு பள்ளி நடந்தது. ஆனால் எல்லோரும் கீத்துக்குப் போக முடியுமா? தெரிந்தவர்கள் மூப்படைந்தார்கள். பிரிட்டனில் மரபுக் கைத்தொழில்களைக் கணக்கெடுக்கும் ஹெரிடேஜ் கிராஃப்ட்ஸ் என்ற அமைப்பு, ஆபத்தில் இருக்கும் தொழில்களின் பட்டியலில் கில்ட் தைப்பதையும் சேர்த்தது. உலகம் முழுக்கத் திருமணங்களில் கில்ட் உடுத்துகிறார்கள், நினைவுப் பொருள் கடைகளில் மலிவாகக் குவிந்து கிடக்கிறது. ஆனாலும் கையால் தைக்கும் கலை ஆபத்தில்!

இந்த இடத்தில் இரண்டு பெண்களைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். ஒருவர் எல்சி ஸ்டூமையர். ஸ்காட்லாந்தில் முறைப்படி கில்ட் தொழில் கற்றவர். இன்னொருவர் பார்பரா ட்யூக்ஸ்பரி. அவருடைய தொழில் என்ன தெரியுமா? அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் ஹாமில்டன் கல்லூரியில் நிலவியல் பேராசிரியராக இருந்தவர்! பாறை அடுக்குகளைப் படிப்பவர், துணி மடிப்புகளைப் படிக்க வந்தார். இருவரும் சேர்ந்து 2001இல் கில்ட் தைக்கும் கலையைப் பற்றி ஒரு கையேடு வெளியிட்டார்கள். அளவு எடுப்பதிலிருந்து கடைசி இஸ்திரிவரை படிப்படியாக, படம் போட்டு எழுதினார்கள். ஒருவர் கையில் இருந்த வித்தையை இன்னொருவர் ஆசிரியரின் கண்ணோடு பார்த்து, ‘இதை ஏன் இப்படிச் செய்கிறோம்’ என்று கேட்டுக் கேட்டு எழுத்தில் இறக்கிய புத்தகம் அது. கில்ட் தைப்பதைப் பார்த்தே இராதவர்கள் கூட அதை வைத்துக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். தொழிலைப் பூட்டிவைத்தால்தான் அது காப்பாற்றப்படும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் சிறிதும் உடன்பாடு இல்லை. பூட்டிவைத்த வித்தைகள் பூட்டிவைத்தவரோடு போயிருக்கின்றன. இந்த இரு பெண்களும் திறந்து வைத்தார்கள், ஆசைக்காகத் தைக்கும் ஒரு கூட்டம் உருவானது. அந்தக் கூட்டத்திலிருந்து தொழிலாகத் தைப்பவர்களும் வந்தார்கள்.

நாம் அணியலாமா, தைக்கலாமா என்ற தயக்கம் சிலருக்கு இருக்கும். அரச குடும்பத்துக்கென்று வழக்கத்தில் ஒதுக்கப்பட்ட பால்மோரல் போன்ற ஒன்றிரண்டைத் தவிர, டார்டன்களுக்குப் பெரும்பாலும் தடை இல்லை. ஸ்காட்லாந்து அரசு 2009 முதல் ஒரு பதிவேடு நடத்துகிறது. குலத்துக்கு மட்டுமல்ல, ஊருக்கு, நிறுவனத்துக்கு, நிகழ்ச்சிக்கு என்றெல்லாம் அதில் டார்டன்கள் பதிவாகியிருக்கின்றன. ஒரு மக்களின் ஆடையை அதன் வரலாறு தெரிந்து, அவர்கள் தைத்த முறையிலேயே தைப்பவரை அந்த மக்கள் அன்போடுதான் பார்ப்பார்கள்.

எங்கே தொடங்குவது? எட்டுக் கெஜம் வாங்கிவிடாதீர்கள். நல்ல கம்பளித் துணிக்கு நிறையச் செலவாகும். கட்டம் போட்ட ஏதாவது ஒரு துணி, ஒன்றரைக் கெஜம் எடுங்கள். கட்டம் எத்தனை அங்குலத்தில் திரும்பி வருகிறது என்று அளந்து எழுதுங்கள். நாலே நாலு மடிப்பு, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முழுச் செட் மறையும்படி வையுங்கள். கீழே முக்காலே அரைக்கால், மேலே முக்கால் என்று சாக்பீஸால் குறித்துக் கையால் தையுங்கள். குறுக்குக் கோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தும் வரை பிரித்துப் பிரித்துத் தையுங்கள். நாலு மடிப்பு சரியாக வந்தவருக்கு இருபத்துநாலும் வரும். அதன்பிறகு நாலு கெஜத்தில் அந்தப் பழைய பெட்டி மடிப்புக் கில்ட் ஒன்று தைக்கலாம். துணி பாதி, மடிப்பும் குறைவு, 1790களின் முறை. எட்டுக் கெஜம் அதற்கு அப்புறம்.

வாசலருகே உள்ள மேசையில் கட்டத் துணித் துண்டுகளும் ஊசி நூலும் வைத்திருக்கிறேன். நான் தைத்த கில்ட் ஒன்றையும் உள்பக்கம் தெரியும்படி திருப்பி வைத்திருக்கிறேன். லைனிங்கைத் தூக்கி, குறுக்குத் தையலைத் தொட்டுப் பாருங்கள். நேரம் இருப்பவர்கள் உட்கார்ந்து முதல் மடிப்பை இன்றே வைத்துப் பார்க்கலாம். நானும் கூடவே உட்காருகிறேன்.